மேஜர் நகர மறுத்த வாரம்

மேஜர் நகரவில்லை. கழுவும் இடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில், காலைத் தேநீருக்கு முன்பே வந்து நின்றது. மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியும் அங்கேயே நின்றது.

கயிற்றின் ஒரு நுனியில் ஒரு டன் எடையுள்ள ஹெர்ஃபோர்ட் காளை. மறு நுனியில் டெஸ் ட்ரெலோர், பூட்ஸ் குதிகாலைச் சேற்றில் ஊன்றி, முகம் காளையின் நிறத்துக்கே சிவந்து இழுத்துக்கொண்டிருந்தார். மேய்ச்சல் நிலத்தில் தீவனத்தைக் காட்டி டிரெய்லரில் ஏற்றி வந்ததும், ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியதும், காற்று ஊதும் கருவியால் முடியை உலர்த்தியதும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. கயிற்றைப் போட்டு "வா" என்றதும்தான் வினை.

ரோஸலி சாண்ட்விச் தட்டோடு வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் அங்கேயேவா நிக்குது?"

"அவர் யோசிக்கிறாரு," என்றார் டெஸ்.

"யாரு?"

"மேஜர்."

"முப்பது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். என்னை ஒரு தடவையாவது 'அவங்க'ன்னு சொல்லியிருக்கியா?"

டெஸ் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். மேஜரின் பக்கத்தில் நின்று சத்தமாகப் பேச அவருக்கு மனம் வராது. தேவாலயத்தில் பேசுகிற குரல்தான் வரும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, மேஜர் அப்படி இருந்தது. தேய்த்த செம்பு நிறத்தில் உடம்பு, பால் வெள்ளையில் முகம், ஒரு மேசையைப் போட்டுச் சாப்பிடலாம் போல அகன்ற நேரான முதுகு. வெயில் அதன் மேல் விழுந்தால் டெஸ் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கண்கொட்டாமல் பார்ப்பார். தாத்தா காலத்திலிருந்து கலப்பில்லாமல் காத்து வந்த இனம். அத்தனை தலைமுறையும் இந்த ஒரு காளைக்காகத்தான் பிறந்து பிறந்து பழகிக்கொண்டது என்று அவர் நம்பினார்.

ஆனால் குரிண்டா வட்டாரம் முழுக்கக் கறுப்பு மாட்டுக்கு மாறிவிட்டது. போன வருஷம் ட்ரெலோர் பண்ணையின் காளை ஏலத்துக்கு வந்த கூட்டம் இலவச சாசேஜைச் சாப்பிட்டுவிட்டு, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டது.

"சனிக்கிழமை கண்காட்சி," என்றாள் ரோஸலி. "நாம பேசினது ஞாபகம் இருக்குல்ல? இவன் சாம்பியன் ரிப்பன் வாங்கினா செவலை மாடு இருக்கட்டும். இல்லைன்னா எல்லாத்தையும் வித்துட்டு நெவில்கிட்ட கறுப்புக் காளை வாங்குறோம். எனக்கும் வயசாகுது டெஸ். யாருமே வாங்காத மாட்டை எத்தனை நாளைக்குத்தான் அழகு பாக்குறது."

"இருக்கு."

"ரிப்பன் வாங்கணும்னா முதல்ல நடுவர் முன்னால அந்த வளையத்துக்குள்ள ஒரு சுத்து நடக்கணும்."

"நடப்பாரு," என்றார் டெஸ். கயிற்றை இழுத்தார். மேஜர் கண்ணை மெதுவாக மூடித் திறந்தது.

மதியத்துக்கு மேல் டெஸ் வெல்லப்பாகு வாளியைக் கொண்டுவந்தார். அதன் வாசனைக்கு நடக்காத மாடு அந்த நாட்டிலேயே கிடையாது. வாளியை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தார். மேஜர் கழுத்தை நீட்டியது. இன்னும் நீட்டியது. இவ்வளவு நீளக் கழுத்து இதற்கு இருப்பதை டெஸ் அப்போதுதான் பார்த்தார். பிரமிப்பில் ஒரு நொடி வாளியை அசைக்காமல் பிடித்துவிட்டார். நாக்கு உள்ளே போயிற்று, வாளி காலியாயிற்று, கால்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அடுத்து நான்கு சக்கர பைக்கில் கயிற்றைக் கட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தார். மேஜர் அதைக் கொஞ்ச நேரம் கவனித்தது. பிறகு முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, குளிப்பாட்டிய உடம்போடு சேற்றில் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் எழுந்து நின்று கீழ் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, யூகலிப்டஸ் மரத்திலிருந்த காக்கட்டூக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"மேபலைக் கூப்பிடுது," என்றாள் ரோஸலி.

மேபல் ஒரு கழுதை. அந்த வட்டாரத்தில் கண்காட்சிக்கு மாடு பழக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் மேபலைத்தான் இரவல் வாங்குவார்கள். பால் மறந்த கன்றின் கயிற்றைக் கழுதையின் கழுத்துப்பட்டையில் கட்டிவிட்டால் போதும். கழுதை தன் பாட்டுக்குத் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் போகும், கன்று எவ்வளவு முரண்டு பிடித்தாலும் இழுபட்டுப் பின்னாலேயே போகும். சில வாரத்தில் கயிற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்று கன்றுக்குப் புரிந்துவிடும். மேஜரையும் அப்படித்தான் பழக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேபலின் சொந்தக்காரி ஈனா பாஸ்கோ தன் பண்ணையை விற்றுவிட்டு டவுனுக்குக் குடிபோனாள். போகும்போது கேட்டருகில் நின்று, மேபல் இனி இங்கேயே இருக்கட்டும் என்று தொடங்கி, ரொம்ப நேரம் என்னென்னவோ சொன்னாள். டெஸ் "சரி, சரி" என்று தலையாட்டினார். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் கன்றுக்குட்டி மேஜர் வெயிலில் நடந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் இரண்டும் கீழ் நிலத்திலேயே ஒன்றாகக் கிடக்கின்றன.

"அப்போ மேபலை இங்க கூட்டிட்டு வந்துட்டாப் போச்சு," என்றார் டெஸ். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் போனால், மேபல் நடு நிலத்தில் தனியாக நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதுகளை மட்டும் அங்கும் இங்கும் திருப்பியது. டெஸ் கயிற்றைப் போட்டு இழுத்தார். நகரவில்லை. தீவன வாளியைக் காலடியில் வைத்தார். மேபல் அதற்குள்ளேயே ஒரு காலை வைத்து நின்றுகொண்டது.

"அவர் ஒரு மகாராஜா, நீ ஒரு மகாராணியா," என்று அலுத்துக்கொண்டார் டெஸ். ஆனால் வெறுங்கையோடு திரும்பப் பிடிக்கவில்லை. மேபலின் குளிர்காலப் போர்வை வேலியில் தொங்கியது. கழுதை வராவிட்டால் என்ன, கழுதை வாசனை வந்தால் போதாதா?

போர்வையைத் தன் முதுகில் போட்டு, வாரை நெஞ்சில் கட்டிக்கொண்டார். நிமிர்ந்து நடந்தால் அது நழுவியது. குனிந்து நடந்தார். மேஜரின் முன்னால் வந்து, முதுகைக் காட்டி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மெள்ள மெள்ள நடந்து காட்டினார்.

மேஜர் போர்வையை முகர்ந்தது. டெஸ்ஸைப் பார்த்தது. அவருடைய நாற்பது வருஷ மாட்டு அனுபவத்தில் எந்த மாடும் அவரை அவ்வளவு ஏமாற்றத்தோடு பார்த்ததில்லை.

"என்னப்பா டெஸ்," என்றது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?"

நெவில் குசாக் தன் பிக்கப் வண்டியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தான். கறுப்பு மாடு வளர்க்கிறவன். இந்த வருஷம் கண்காட்சி வளையத்துக்குப் பொறுப்பாளனும் அவன்தான்.

"மாட்டைப் பழக்கிட்டு இருக்கேன்," என்றார் டெஸ், குனிந்தபடியே.

"பாத்தேன். நீ நல்லாப் பழகிட்ட. மாடு இன்னும் பழகலை."

அன்று சாயங்காலம் பப்பில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக இந்தப் பக்கம் வராதவர்கள் எல்லாம் பண்ணை வாசலில் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டெஸ்ஸின் மானம் கப்பலேறியது.

அதற்கு மறுநாள் மேஜருக்குப் பொறுமை போய்விட்டது. டெஸ் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்த நேரம் பார்த்துக் கிளம்பியது. டெஸ் விடவில்லை, விட்டிருக்கலாம். ரோஸலியின் காய்கறிப் பாத்தி வழியாக, துணிக்கொடி வழியாக, ஒரு படுக்கை விரிப்பைக் கொம்பில்லாத தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, டெஸ்ஸைப் பூட்ஸ் இல்லாத ஒரு காலோடு இழுத்துக்கொண்டு கீழ் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேபலின் கழுத்தில் மூக்கை வைத்ததும் நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததை டெஸ் ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்று பார்த்தார். அவ்வளவு நேரம் மரம் மாதிரி நின்ற மேபல் நடக்க ஆரம்பித்தது. பின்னாலேயே, தன் தாடையை அதன் இடுப்பில் வைத்தபடி, மேஜர் வந்தது. கயிறு தளர்ந்து தொங்கியது. அந்தப் பெரிய உடம்பு குளம்பு குளம்பாக, பூவின் மேல் வைப்பது போல் காலை எடுத்து வைத்து, கொட்டகை வரை ஒரே சீராக நடந்து வந்தது.

"ரோஸலி," என்று கூப்பிட்டார், சத்தமே வராத குரலில். "வந்து பாரேன்."

ரோஸலி வந்து பார்த்தாள். பாழாய்ப்போன பாத்தியைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமலே நின்றாள்.

"அழகாத்தான் நடக்குது," என்றாள் கடைசியில். "கழுதை கூட்டிட்டுப் போனா."

அதுதான் சிக்கல். வளையத்துக்குள் ஒரு காளை, ஒரு கயிறு, ஓர் ஆள், அதுதான் விதி. மிச்ச நாட்களில் டெஸ் இரண்டையும் பிரிக்க என்னென்னவோ செய்து பார்த்தார். மேபலை வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார். மேஜர் வேலியை மடக்கிப் போட்டது. மேபலைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். இப்போது கொட்டகைக்கும் கதவு இல்லை.

"கண்காட்சிக்கு அதையும் கூட்டிட்டுப் போறோம்," என்றார் டெஸ். "நீ வளையத்துக்கு வெளிய அதைப் பிடிச்சுக்கிட்டு எங்க பக்கத்துலேயே நடந்து வா. யாரும் கேட்டா, சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்குன்னு சொல்லு."

"யாரு, கழுதையா?"

"நீங்க ரெண்டு பேரும்."

சனிக்கிழமை குரிண்டா மைதானத்தில் புழுதியும் வறுத்த வெங்காய வாசனையுமாக இருந்தது. லாரியிலிருந்து சரிவுப் பலகையில் இறங்க மேபல் மாட்டேனென்று நின்றது. மேஜர் பின்னாலிருந்து மூக்கால் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. ரோஸலி சமாதானத்துக்கு ஓர் ஆப்பிளை நீட்டினாள். மேபல் கண்டுகொள்ளவே இல்லை. உதட்டில் வைத்துத் தேய்த்த பிறகுதான் வாயைத் திறந்தது.

"திமிர் பிடிச்ச கழுதை," என்றாள் ரோஸலி. "உன் காளை மாதிரியே."

டெஸ் காது கொடுக்கவில்லை. மேஜரின் வால் குஞ்சத்தைச் சீவிக்கொண்டிருந்தார்.

காளைப் பிரிவுக்கு அழைப்பு வந்தது. ஐந்து கறுப்புக் காளைகள், கடைசியில் மேஜர். மேஜரின் ஒவ்வொரு அடிக்கும், வேலிக்கு வெளியே, மேஜரின் மூச்சு கேட்கிற தூரத்தில், ரோஸலி மேபலை ஓர் அடி நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. மேஜர் உள்ளே வந்து வரிசையில் நின்றது. ஐஸ்கிரீமோடு போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். போர்வை விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க வந்தவர்கள் சிரிக்க மறந்தார்கள்.

நடுவர் குவீன்ஸ்லாந்துக்காரி, மிஸ் ஃபென்விக். நெடுநெடுவென்று உயரம், வாயில் வார்த்தை கிடையாது. கறுப்புக் காளைகளைப் பார்த்து வந்தவள் மேஜரின் முன்னால் வந்து தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள்.

"நடக்க விடுங்க பாக்கலாம்," என்றாள்.

டெஸ் வேலிப்பக்கம் கண்ணைக் காட்டினார். ரோஸலி மேபலை இழுத்தாள். அதே நேரம் பக்கத்து மைதானத்தில் மரம் வெட்டும் போட்டிக்கு ஒலிபெருக்கி அலறியது. மேபல் மிரண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பி, பட்டப்பகலில், மாதர் சங்கத் தேநீர்க் கூடாரத்தின் கம்பத்தில் போய் நேராக மோதியது. கூடாரம் சரிந்தது. தேநீருக்கு வைத்திருந்த ஸ்கோன் ரொட்டிகள் உருண்டன. மேபல் அவற்றின் நடுவில் நான்கு காலும் நடுங்க நின்றது.

மேஜர் அதைப் பார்த்தது.

ஓடவில்லை, கத்தவில்லை. நேராக வேலிக்கு நடந்தது. டெஸ் என்று ஓர் ஆள் கயிற்றின் மறு நுனியில் இருப்பதை அது மதித்ததாகவே தெரியவில்லை. கேட்டில் நெற்றியை வைத்து அழுத்தியது. கேட்டின் தாழ்ப்பாள் பொத்தான் மாதிரி தெறித்தது. மேஜர் வெளியே போய், ஒரு ஸ்கோனைக்கூட மிதிக்காமல், மேபலின் கழுத்தில் தன் வெள்ளை முகத்தை வைத்தது. நடுக்கம் நின்றது.

கூட்டம் முழுக்க வேலியோரம் நெருங்கி வந்து பார்த்தது. மாதர் சங்கத்துக்காரர்கள்கூடக் கூடாரத்துணிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டையும் உள்ள கூட்டிட்டு வாங்க," என்றாள் மிஸ் ஃபென்விக்.

டெஸ் கயிற்றை எடுத்து ஒரு பேச்சுக்குப் பிடித்துக்கொண்டார். முன்னால் மேபல், பின்னால் அதன் இடுப்பில் தாடையை வைத்த மேஜர், பக்கத்தில் டெஸ். மூன்றும் அந்த வளையத்தை முழுதாக ஒரு சுற்று வந்தன. திருப்பத்தில் திரும்பின. தண்ணீர்க் குழாய் கிடந்த இடத்தில் நின்று, தாண்டி, மறுபடி நடந்தன. டெஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிப்பன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்த்தாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை வருஷத்துல இப்படிக் காலை வைக்கிற காளையைப் பாத்ததில்லை," என்றாள் மிஸ் ஃபென்விக். அகலமான சாம்பியன் ரிப்பனைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றான் நெவில். சங்கடத்தோடுதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, பொறுப்பாளன். "எனக்கும் இதைச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்ம சங்கத்து விதி இருக்கே. வேற ஒரு மிருகம் நடத்திக் கூட்டிட்டு வந்தா அந்தக் காளைக்குப் பரிசு கிடையாது. டெஸ், நீயே சொல்லு. கழுதை இல்லாம இவன் ஓரடி வைப்பானா?"

டெஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் மேஜரின் முன்னால்.

"வைக்க மாட்டாரு," என்றார். "எங்கேயும் மேபல்தான் நடத்திக் கூட்டிட்டுப் போகும்."

மிஸ் ஃபென்விக் ரிப்பனைச் சுருட்ட ஆரம்பித்தாள். ரோஸலி வேலியோரம் தலையைக் குனிந்துகொண்டாள். கறுப்பு மாடு வேண்டுமென்று சொன்னவள் அவள்தான். இப்போது அவளுடைய முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. டெஸ் மேஜரின் முதுகில் கையை வைத்தார்.

"விடு டெஸ்," என்றாள் ரோஸலி மெதுவாக. "அவர் நல்லாத்தான் நடந்தாரு."

அப்போது கேக் போட்டிக்கு நடுவராக வந்திருந்த ஈனா பாஸ்கோ, உதட்டோரம் கிரீமோடு, உடைந்த கேட்டு வழியாக உள்ளே வந்தாள். யாரையும் கேட்காமல் நேராக மேபலிடம் போய், அதன் காதைத் தடவி, முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மேபல் இமைக்கவில்லை.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கே, டெஸ்," என்றாள். "என்ன நெவில், எல்லாரும் ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"இந்தக் கழுதைதான் காளையை நடத்திக் கூட்டிட்டு வந்துச்சு," என்றான் நெவில். "அதனால ரிப்பன் கிடையாது."

ஈனா அவனைப் பார்த்தாள். டெஸ்ஸைப் பார்த்தாள். பிறகு மேபலின் இடுப்பில் தாடையை வைத்து அசையாமல் நின்ற மேஜரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மேபல் எங்கப்பா நடத்தும், இவன்தானே அதை நடத்துறான்? ரெண்டு கண்ணும் அவிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுதே, அன்னைக்கு கேட்டுகிட்ட நின்னு அதைத்தானே அவ்வளவு நேரம் சொன்னேன்."